மௌனம் சம்மதம் அல்ல: 1891 முதல் நம் காலனி வகுப்பு வரை

கவரைப்பேட்டையில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு எடுக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் இருந்து கல்லூரி முதலாண்டு வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். சிப்காட் கம்பெனிக்கு ஷிப்ட் போகிற இரண்டு மூன்று பேர் யூனிஃபார்மோடு வந்து பின்னால் உட்காருவார்கள். கணக்கு, ஆங்கிலம் என்று ஆரம்பித்த வகுப்பு. அதில் பாலியல் குற்றச் சட்டங்களைப் பற்றியும் பேசலாம் என்று நானும், நர்சிங் முடித்த ஒரு பெண் தோழரும் முன்வந்தோம். யாரும் எங்களை நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை.

முதல் நாள் கரும்பலகையில் 'சம்மதம்' என்று எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பதினோராம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி பட்டென்று சொன்னாள்: "மௌனம் சம்மதம்ணா." எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு பையன், "கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்ல கேப்பாங்களே, அதுதான்" என்றான்.

இரண்டு பதிலும் என்னை விடவேயில்லை. நம் மொழியில் சம்மதம் என்பது பெண்ணிடம் கேட்கிற பொருளாகவே இல்லை, பெண் வீட்டாரிடம் கேட்கிற பொருள். அவளிடமிருந்து எதிர்பார்ப்பது மௌனம் மட்டும். 1990-ல் 'மௌனம் சம்மதம்' என்று ஒரு கோர்ட்டுப் படமே வந்தது. இந்த நாட்டின் நீதிமன்றங்களும் நீண்ட காலம் இதே பழமொழியை வைத்துத்தான் தீர்ப்பு எழுதின. அதை மாற்றக் கொடுத்த விலையில் பெரும்பங்கு கொடுத்தவர்கள் ஆதிவாசிப் பெண்களும், தலித் பெண்களும், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட பிற பெண்களும். ஆனால் போக்சோ பற்றிப் பள்ளிகளில் போடுகிற பவர்பாயிண்டில் இந்த வரலாறு வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1860-ல் மெக்காலே வழிவந்த இந்திய தண்டனைச் சட்டம், பத்து வயதுக்குட்பட்ட சிறுமியுடன் உறவு கொண்டால், மனைவியே ஆனாலும், அது வன்புணர்வு என்றது. பத்து வயது! கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி, கணவனின் வன்முறையில் ரத்தம் போய் இறந்தாள். கணவன் முப்பதை ஒட்டிய வயதுக்காரன். அவள் பத்து வயதைக் கடந்துவிட்டதால் வன்புணர்வுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவித்ததாக ஒரு வருஷம் கடுங்காவல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில் 1891 மார்ச்சில் இசைவு வயதுச் சட்டம் வந்தது. பத்து, பன்னிரண்டாக உயர்ந்தது. அதையே திலகர் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். அந்நிய அரசு எங்கள் மதத்தில் தலையிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். விடுதலைப் போராட்ட வரலாற்றுப் பாடத்தில் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள்.

அதே 1891-ல் நம் மாவட்டத்தில் இன்னொரு காரியம் நடந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-ல்தான் பிறந்தது. அன்று கும்மிடிப்பூண்டி, பொன்னேரி எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். அதன் கலெக்டர் திரமென்ஹீர் 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். பஞ்சமி நில வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1892-ன் நில ஒதுக்கீட்டு அரசாணைக்கு அடித்தளம் அதுதான். நிலமில்லை, கடன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது, குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே துரத்தலாம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்கத்தாவிலும் பூனாவிலும் பம்பாயிலும் படித்தவர்கள் பன்னிரண்டு வயது 'மனைவி'யின் இசைவைப் பற்றிக் கட்சி கட்டி வாதிட்டார்கள். அதே வருஷம் செங்கல்பட்டில் ஒரு படியாளின் மகள் களத்துமேட்டில் மிராசுதாரிடம் 'முடியாது' என்று சொன்னால் அன்றிரவு குடும்பத்துக்குக் கூரை இருக்குமா என்ற கேள்வி இருந்தது. அந்தக் கேள்வி எந்தக் கட்சியின் வாதத்திலும் வரவில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல வாய் மட்டும் போதாது, சொன்ன பிறகு நிற்க ஓர் இடம் வேண்டும். வீட்டு மனையும் பஞ்சமி நிலமும் சம்மதத்தோடு எப்படிச் சேரும் என்று கேட்கும் தோழர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

வயது அதன் பிறகு படிப்படியாகத்தான் ஏறியது. 1925-ல் திருமணத்துக்கு வெளியே 14, உள்ளே 13. 1929-ல் சாரதா சட்டம், அது 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1949-ல் வெளியே 16, உள்ளே 15. இந்த இடத்தில் நம் ஊருக்குப் பக்கத்துப் பெருமை ஒன்று உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும், துணையைத் தேர்வு செய்யவும் பிடிக்காத மணத்தை முறிக்கவும் உரிமை வேண்டும், சொத்தில் பங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வயதைத் தனியாகப் பேசாமல் சொத்தோடும் விவாகரத்தோடும் சேர்த்துப் பேசியதுதான் அதன் சிறப்பு. அண்ணல் அம்பேத்கரும் 1942 ஜூலை 20-ல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், மகள்களை அவசரப்பட்டுக் கட்டிக்கொடுக்காதீர்கள், மனைவி கணவனுக்குச் சமமான தோழியாக நிற்க வேண்டும், அடிமையாக அல்ல என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் கூலிப் பெண்கள். பாலியல் சமத்துவம் பற்றி நம் மக்களிடம் பேசினால் புரியாது, நேரம் வரவில்லை என்று தயங்குகிற நம் இயக்கத் தோழர்கள் அந்த வருஷத்தை இன்னொரு முறை பார்க்கட்டும்.

வயதுக் கணக்கு ஒருபுறம் ஏறியதே தவிர, சம்மதம் என்றால் என்ன என்ற கேள்விக்கு 1970-கள் வரை மௌனமே பதில். 1972 மார்ச் 26. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டம், தேசாய்கஞ்ச் காவல் நிலையம். மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி, வீட்டு வேலை செய்து பிழைத்தவள். புகார் விசாரணைக்கு வந்தவளை இரண்டு போலீஸ்காரர்கள் நிலையத்துக்குள்ளேயே சீரழித்தார்கள். செஷன்ஸ் நீதிமன்றம், அவள் ஏற்கனவே உறவுக்குப் பழகியவள் என்று சொல்லி விடுதலை செய்தது. நாக்பூர் உயர் நீதிமன்றக் கிளை தண்டித்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்பது காரணம். இரவு நேரம், பூட்டிய காவல் நிலையம், எதிரில் காக்கிச்சட்டை, பெற்றோர் இல்லாத ஒரு ஆதிவாசிச் சிறுமி. அவள் கத்தாதது சம்மதமாம்!

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதே அதன் சாரம். அதிலிருந்து நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண்ணை அதிகாரத்தில் இருப்பவன் வன்புணர்ந்தால் அது தனிக் குற்றம். அங்கே உறவு நடந்தது நிரூபணமாகி, நான் சம்மதிக்கவில்லை என்று அவள் சொன்னால், நீதிமன்றம் அவள் பக்கமே ஊகிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமானது.

சட்டம் மாறியது, காக்கிச்சட்டை மாறவில்லை. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலையாளிப் பழங்குடி ஊரையே சூறையாடின. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள், அதில் சிறுமிகளும் உண்டு. பொறுப்புள்ள அரசு ஊழியர்கள் இப்படிச் செய்திருப்பார்களா என்பதே முதலில் அவர்கள் சந்தித்த கேள்வி. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் வழக்கை விடவில்லை. தேசிய எஸ்சி எஸ்டி ஆணையத்தின் பாமதி நேரில் போய்ப் பார்த்துக் கொடுத்த அறிக்கையும், பிறகு சிபிஐ விசாரணையும் உண்மையை நிறுத்தின. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "அவங்க பேரப் பிள்ளைங்களுக்கே கல்யாணம் ஆயிருக்கும்ல?" ஆயிருக்கும்மா.

அதே 1992 செப்டம்பரில் ராஜஸ்தானின் பட்டேரியில் பன்வாரி தேவிக்கு நடந்தது எங்களைப் போலச் சட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. குயவர் சாதிப் பெண். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்பத் தொகைக்கு 'சாத்தின்', அதாவது தோழி என்ற பெயரில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசியவர். குழந்தைத் திருமணம் குற்றம் என்று சொல்வது அவர் வேலை. குஜ்ஜர் குடும்பம் ஒன்றில் கைக்குழந்தைக்குக் கல்யாணம் நடப்பதைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995-ல் கீழ் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டில் எல்லோரையும் விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தீண்டாமையையே நிரபராதிக்குச் சாட்சியாக்கிய நாடு இது. பன்வாரிக்கு நடந்த கொடுமையை ஒட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட பொதுநல வழக்கில்தான் 1997 ஆகஸ்ட் 13-ல் விசாகா தீர்ப்பு வந்தது. இன்று கம்பெனிகளில் இருக்கிற பாலியல் புகார்க் குழுவுக்கும் 2013 சட்டத்துக்கும் வேர் அதுதான். சிப்காட்டில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிற நம் பெண்களுக்கு ஒரு தகவல்: பத்துப் பேருக்குக் குறைவான இடம், அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். சூப்பர்வைசர் நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லக்கூடிய இடத்தில் வரும் 'சரி' எப்படிப்பட்ட சரி என்பது 1891-ன் பழைய கேள்விதான்.

டெல்லி சம்பவத்துக்குப் பின் 2013-ல் வர்மா குழு அறிக்கையை ஒட்டி, சம்மதத்துக்குச் சட்டம் முதன்முறையாக நேரான விளக்கம் கொடுத்தது. சொல்லாலோ சைகையாலோ, குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு ஐயமில்லாமல், தன் விருப்பத்தோடு தெரிவிக்கிற உடன்பாடுதான் சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அதுவே இருக்கிறது. பலருக்குத் தெரியாதது, நம்முடைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இந்த விளக்கம் இருக்கிறது என்பது. 2016 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 3(1)(ப்ளியூ) பிரிவு ஒரு படி கூடுதலாகவும் சொல்கிறது: பெண்ணின் கடந்தகால உறவு, குற்றவாளியோடே இருந்தாலும், சம்மதத்தைக் காட்டாது, குற்றத்தைக் குறைக்கவும் செய்யாது. மதுராவைப் 'பழகியவள்' என்று எழுதிய நீதிபதிக்கு, நாற்பது வருஷம் கழித்து வந்த பதில் என்றே இந்த வரியை நான் படிக்கிறேன். காவல் நிலையத்துக்குத் துணை போகும் தோழர்கள் இந்தப் பிரிவின் நகலைப் பையில் வைத்திருங்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் நான் எடுத்தது தண்டனைப் பட்டியல். பதினெட்டு வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் குழந்தை, 2012 நவம்பர் 14 முதல் போக்சோ, பத்து வருஷம், இருபது வருஷம், ஆயுள். பையன்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒருத்தன், "அண்ணா, அப்ப லவ் பண்ணா ஜெயிலா?" என்று கேட்டான். நான் சட்டம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு நான்கு பையன்கள் வரவில்லை.

அவன் கேள்வி வெறும் பயத்தில் கேட்டதல்ல. நம் பையன் ஆதிக்கசாதிப் பெண்ணைக் காதலித்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தருமபுரி இளவரசன் காலத்திலிருந்தே நாம் பார்க்கிறோம். திவ்யா வயது வந்தவர், அவர் சம்மதம் சட்டப்படி முழுமையானது. 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று ஊர்கள் எரிந்தபோது அந்தச் சம்மதத்தை யாரும் மதிக்கவில்லை. 2013 ஜூலை 4-ல் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தான். அவள் மேஜராக இருந்தும் அந்தக் கதி. பெண்ணுக்குப் பதினேழு என்றால் அரிவாளே தேவையில்லை. காணவில்லை என்று புகார், கடத்தல் பிரிவு, மேலே போக்சோ. பையன் பத்தொன்பது வயதில் உள்ளே. பெண்ணைப் பாதுகாக்க வந்த சட்டத்தைச் சாதியைப் பாதுகாக்கவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை நீதிமன்றமே கவனித்திருக்கிறது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பார்த்திபன், 16-க்கு மேற்பட்டோரின் மனமொத்த உறவுக்குச் சட்டத்தில் விலக்கு யோசிக்கலாம் என்றார். 2021 ஜனவரி 27-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று ஒரு வழக்கை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபி, பரஸ்பரக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம், 16-18 வழக்குகளில் நீதிபதிக்கு விருப்புரிமை தரலாம் என்றது. சட்டப் புத்தகத்தில் வயது இன்னும் 18.

வயதை 16 ஆக்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்கிற தோழர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பக்கத்துக் காலனிப் பையனைக் காதலிக்கிற பதினாறு வயதுப் பெண்ணும், செங்கல் சூளையில் மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்ட பதினாறு வயது இருளர் பெண்ணும் ஒரே வயதுதான். முதல் பெண்ணுக்குத் திறக்கும் கதவு இரண்டாம் பெண்ணின் மேஸ்திரிக்கும் திறந்துவிடக் கூடாது. வயது இடைவெளி, அதிகாரம், சாதி, கூலி உறவு எல்லாவற்றையும் பார்க்கிற விலக்கு வேண்டும். அதை எழுதுகிற குழுவில் நம் வழக்கறிஞர்கள் இருக்க வேண்டும்.

மறு வாரம் வராத பையன்களின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். அதிலிருந்து வகுப்பை மாற்றிக்கொண்டோம். இப்போது ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், போக்சோவின் 19-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் எங்களுக்கே ஆறு மாதம் வரை சிறை. ஆகவே எங்களிடம் சொல்வதை ரகசியமாக வைப்போம் என்று பொய்ச் சத்தியம் செய்ய முடியாது. சொன்னால் கூடவே வருவோம், வாக்குமூலத்தைப் பெண் போலீஸ் சீருடை இல்லாமல் உன் வீட்டிலேயே எடுக்கலாம், உன் பெயர் வெளியே வரக் கூடாது, 1098-க்கு நீயே பேசலாம். இதைச் சொன்னால் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்று பயந்தேன். நர்சிங் தோழர்தான் பிடிவாதமாக இருந்தார்: "முதல்ல ஏமாத்திட்டு அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனா, அந்தப் பொண்ணு ஜென்மத்துக்கும் யாரையும் நம்பாது அண்ணா." அவர் சொன்னது சரி. யாருக்காவது நடந்திருக்கிறதா என்று கூட்டத்தில் கேட்பதையும் நிறுத்திவிட்டோம். ஒரு ஸ்வீட் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தோம், பெயர் எழுதாமல் கேள்வி போடலாம்.

பெயரைப் பற்றி இன்னொன்று. பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் வெளியே வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் முதல் தகவல் அறிக்கையே கசிந்தது. 2025 ஜூலையில் நம் ஆரம்பாக்கம் பக்கம் சிறுமிக்கு நடந்த கொடுமையின்போது சிசிடிவி காட்சி எத்தனை வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது என்று நமக்கே தெரியும். நீதி கேட்டுத்தான் பலரும் பகிர்ந்தார்கள். அந்தக் காட்சியில் நடந்து போகும் குழந்தை நாளைக்கு அதே ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது பகிரும்போது நினைவில் இல்லை. அந்த வாரம் காலனியில் எல்லோரும் பேசியது வடநாட்டுக்காரனைத் துரத்துவது பற்றி. குற்றவாளி பிடிபட வேண்டும், சரி. ஆனால் பெரும்பாலான போக்சோ வழக்குகளில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவன். சித்தப்பா, டியூஷன் வாத்தியார், பக்கத்து வீட்டு அண்ணன். என்னைப் போல வகுப்பெடுக்க வருகிறவனும் இந்தப் பட்டியலில் இருக்கக்கூடியவன்தான் என்று பிள்ளைகளிடமே சொல்கிறோம். கதவு எப்போதும் திறந்திருக்கும், நான் தனியாக யாரோடும் உட்கார மாட்டேன், உட்கார்ந்தால் நர்சிங் அக்காவிடம் சொல்லுங்கள்.

வளரிளம் பருவக் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தபோது 2007-ல் பல மாநிலங்கள் கலாச்சாரம் கெடும் என்று நிறுத்தின. 2009-ல் மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றது. அரசு விட்டுப்போன அந்த இடத்தில்தான் நாம் ஸ்வீட் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறோம்.

போன ஞாயிறு பெட்டியில் ஆறு சீட்டு. இரண்டு மாதவிடாய் பற்றி. ஒன்றில், 'கல்யாணம் ஆன பிறகு வேணாம்னு சொல்லலாமா?' என்று இருந்தது. பதினெட்டுக்குக் கீழான மனைவிக்கு 2017 அக்டோபர் 11 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பாதுகாப்புத் தருகிறது, அதற்கு மேல் கணவனை வன்புணர்வுச் சட்டம் இன்னும் தொடுவதில்லை என்ற வெட்கக்கேட்டை விளக்கி முடிக்கும்போது இருட்டிவிட்டது. மீதி மூன்றும் ஒரே கையெழுத்து, மூன்றிலும் அந்த டிஜிபி சுற்றறிக்கையின் நகல் கிடைக்குமா என்று கேட்டிருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், இருபது காப்பி.